பூதங்களுக்கும் சட்டம் உண்டு



ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, வழக்கம்போல் கடாரம் கொண்ட சோழனைப் பற்றியோ, பால்மரம் இந்நாட்டிற்கு வந்த கதையைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் இவ்வாண்டின் நடுவில் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்கள். "ஏன் வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தாயம் உருட்டிப் பேய் விளையாட்டு விளையாடுதுங்களாமே, நீங்களும் கூட உக்காந்திருக்கீங்களாமே, உண்மையா?" என்றார் ஒருவர். உண்மைதான். அன்று வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவே அந்தப் பதிலையே சரித்திரத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியில் படித்து, இப்போது சிரம்பானில் கல்லூரிக்குப் போகும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு புத்தகமும் சில பகடைகளும் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலையில் ஐந்தாறு பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீங்கள் காட்டுக்குள் போகிறீர்கள், பாதையை மறித்து ஒன்று நிற்கிறது, என்ன செய்வீர்கள்?" என்பார் கதை சொல்பவர். ஓடுவதா, பேசுவதா, சண்டை போடுவதா என்று பிள்ளைகள் முடிவு செய்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். காசு வைத்து ஆடுவதில்லை. பாட்டிமார் தாயக்கட்டை உருட்டியதில் எவ்வளவு சூது இருந்ததோ அவ்வளவுதான் இதிலும் இருக்கிறது.

பாதையை மறித்து நிற்கிறதே, அந்த விலங்கு அல்லது பூதம், அதுதான் இக்கட்டுரையின் பொருள். அதற்கென்று ஒரு தாள் உண்டு. எத்தனை அடி தாங்கும், கவசம் எவ்வளவு, எவ்வளவு வேகம், என்ன சிறப்பு ஆற்றல், புத்தி உண்டா இல்லையா என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். புத்தகத்திலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் எந்தப் பிள்ளையும் புத்தகத்தோடு நிற்பதில்லை. நாலாவது வாரமே சொந்தமாகப் பூதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிச் சொந்தமாகச் செய்வதை ஆங்கிலத்தில் 'ஹோம்புரூ' என்பார்கள். வீட்டில் காய்ச்சியது என்று பொருள். சம்சு ஞாபகம் வந்து யாரும் பயப்பட வேண்டாம். இங்கே காய்ச்சுவது கற்பனை மட்டுமே.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு அரக்கனைச் செய்துகொண்டு வந்தான். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்த ஆயுதமும் பாயாது. தீ சுடாது. தண்ணீரில் மூழ்காது. தூங்காது. பார்த்தாலே எதிரி செத்துப்போவான். ஆட்டம் இரண்டு சுற்றுக்கூட ஓடவில்லை. ஒரு மாணவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதுல விளையாட என்னா சார் இருக்கு?" என்று எழுந்துவிட்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். அந்தப் பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "எங்க வீட்டுக்குக் காவலுக்கு சார். சாகக் கூடாது சார்" என்றான்.

அவன் குடும்பம் இருக்கும் லயத்தைக் காலி செய்யும்படி கடிதம் வந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமஞ்சே என்று நம் மாநிலத்துத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து ஜனங்கள் வெளியேறிய கதையை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளை அதற்குப் பூதம் செய்து காவல் வைக்கிறான். அவனிடம் "இது விளையாட்டு விதிக்கு ஒவ்வாது" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரணியன் கதையைச் சொன்னேன்.

இரணியனும் இதையேதான் கேட்டான். மனிதனாலும் விலங்காலும் சாவு கூடாது. பகலிலும் இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது. மண்ணிலும் விண்ணிலும் கூடாது. ஆயுதத்தாலும் கூடாது. ஒரு வக்கீல் எழுதிய பத்திரம் மாதிரி எல்லாப் பக்கமும் அடைத்து வாங்கினான். அப்படியும் அந்திப் பொழுது என்று ஒன்று இருந்தது. வாசற்படி என்று ஒன்று இருந்தது. மடி இருந்தது, நகம் இருந்தது. மனிதனும் அல்லாத விலங்கும் அல்லாத ஒரு வடிவம் தூணிலிருந்து வந்தது. வால்மீகியின் இராமாயணத்தில் இந்தக் கதை விரிவாக இல்லை. கம்பர்தாம் யுத்த காண்டத்தில் இரணியன் வதைக்கென்று ஒரு படலமே பாடினார். இராவணன் வரம் கேட்டபோது தேவர், அசுரர், இயக்கர் என்று வரிசையாகச் சொல்லி, மனிதனையும் குரங்கையும் அற்பம் என்று விட்டுவிட்டான். மகிடாசுரன் பெண்ணை விட்டுவிட்டான். நம் புராணக்காரர்கள் அசுரனைப் படைத்தபோதெல்லாம் வரத்தோடு ஓர் ஓட்டையையும் சேர்த்தே படைத்திருக்கிறார்கள். கதை நடப்பதே அந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டை இல்லாத அசுரனுக்குக் கதை இல்லை. அவனை வைத்துக்கொண்டு தெருக்கூத்துக்காரர் விடிய விடிய என்ன ஆடுவார்?

ஓட்டையை மறந்து பலத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. நரசிம்மத்தின் கோபம் தணியவில்லை என்று சைவர்கள் சரபத்தைக் கொண்டுவந்தார்கள். சிங்க உடல், பறவையின் இறக்கை, எட்டுக் கால். கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசுவரருக்குத் தனிச் சன்னதியே இருக்கிறது. தாராசுரத்திலும் சரபச் சிற்பம் உண்டு. வைணவர்கள் சும்மா இருப்பார்களா? சரபத்தை அடக்கக் கண்டபேரண்டம் என்னும் இருதலைப் பறவையைச் சொன்னார்கள். இந்தக் கண்டபேரண்டம் பிறகு மைசூர் அரசர்களின் சின்னமாகி, இன்று கர்நாடக மாநில முத்திரையிலும் நிற்கிறது. இதில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு பக்கமும் பெரியவர்கள். ஆனால் சனிக்கிழமை மேசையில் இதே சங்கதி வாரந்தோறும் நடக்கிறது. ஒருவன் ஐம்பது அடி தாங்கும் பூதம் கொண்டுவந்தால் அடுத்தவன் நூறு அடி தாங்குவதைக் கொண்டுவருகிறான்.

யாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் தூண்தோறும் நிற்கும் அதே யாளிதான். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கலந்த உருவம். சில யாளிகளின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும், வெளியே எடுக்க முடியாது. சங்கப் பாடல்களில் 'ஆளி' என்று வருவது யானையையே தாக்கிக் கொல்லும் விலங்கு. பாட்டில் அதற்கு ஒரு செயல் இருந்தது. கல்லில் உருவம் மட்டும் பெருகிப் பெருகி, செயல் நின்றுவிட்டது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் யாளி படத்தைக் காட்டினேன். "சூப்பரா இருக்கு சார், ஆனா இது என்னா செய்யும்?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இனி ஆடுபுலி ஆட்டத்திற்கு வருகிறேன். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு தாத்தா. கோயில் படிக்கட்டில் கரித்துண்டால் மலை மாதிரி முக்கோணக் கட்டம் போடுவார். கோடுகள் கூடும் இடங்கள் 23. மூன்று சோடா மூடி புலி. பதினைந்து ரப்பர் கொட்டை ஆடு. தமிழ்நாட்டில் கோயில் தரைகளிலும் மலைப் பாறைகளிலும் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் தலைக்குள் அது இருந்தது. கொண்டுவரச் சாமான் ஒன்றும் வேண்டியதில்லை.

புலி தாண்டும். பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள காலி இடத்தில் இறங்கினால் அந்த ஆடு போயிற்று. ஆட்டுக்குத் தாண்டத் தெரியாது, கொல்லத் தெரியாது. பதினைந்தையும் கட்டத்தில் வைத்து முடிக்கும்வரை நகரக்கூட முடியாது. இவ்வளவுதான் கேட்டால் ஆடு எப்படி ஜெயிக்கும் என்று தோன்றும். ஆனால் புலிக்கு ஒரு குறை இருக்கிறது. ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் அதால் தாண்ட முடியாது. அந்த ஒரு குறைக்குள் முழு ஆட்டமும் அடங்கியிருக்கிறது. மூன்று புலிகளும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. "புலிக்குப் பல்லு இருக்கு, ஆட்டுக்குத் தொணை இருக்கு" என்பார் தாத்தா. அவர் தொழிற்சங்கத்தில் இருந்தவர். எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மலாய்க்காரர்களிடமும் 'மாயின் ரிமாவ்' என்று புலி ஆட்டம் உண்டு. நேபாளத்தில் 'பாக்சால்' என்ற பெயரில் 25 இடங்களில் 4 புலிகளையும் 20 ஆடுகளையும் வைத்து ஆடுகிறார்கள். எண்ணிக்கை மாறுகிறது, கட்டம் மாறுகிறது. ஆனால் புலிக்கும் ஆட்டுக்கும் வேறு வேறு சட்டம் என்பது மட்டும் மாறவில்லை. சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் படை. இங்கே அப்படியல்ல. ஒன்றுக்கு ஒன்று நிகரில்லாத இரண்டு உயிர்களை எதிரெதிரே நிறுத்தி, இருவருக்கும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கும்படி சட்டம் வகுப்பது எவ்வளவு கடினம் என்பது, பூதம் செய்து பார்த்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பெயர் தெரியாத யாரோ ஒருவர் என்றோ அதைச் செய்து முடித்துவிட்டார்.

நம் பெரியவர்களுக்குப் புலி கட்டத்தில் மட்டும் இருந்த விலங்கல்ல. விடியுமுன் இருட்டில் விளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போனவர்களுக்கு அது காலடித் தடமாகவும் வாடையாகவும் தெரிந்திருந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரியவந்தது. இந்தக் கணக்கைச் சொன்னபோது மாணவன் ஒருவன், "அப்ப ஆடு ஜெயிச்சிடுச்சா சார்?" என்று கேட்டான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். பிள்ளைகள் ஆடும் இந்தக் கதை ஆட்டம் அங்குதான் பிறந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகேக்ஸ் என்பவர் இருந்தார். காப்புறுதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த வேலை போனபின் செருப்புத் தைத்துப் பிழைத்தார். அவருக்கும் நண்பர்களுக்கும் மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் ஆடும் பழக்கம். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்பவர், ஒருவர் ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆளாக ஆடும் முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தாம். 1977இல் பூதங்களுக்கென்றே தனிப் புத்தகம் வந்தது. 'மான்ஸ்டர் மேனுவல்' என்று பெயர். அதில் 350க்கும் மேற்பட்ட உயிர்கள்.

அந்தப் பூதங்களில் சில எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு பை நிறையக் கிடைக்கும் அல்லவா? பசார் மாலாமில் நாமும் வாங்கியிருக்கிறோம். டைனோசர் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் எந்த டைனோசர் மாதிரியும் இருக்காது. அப்படி ஒரு பையை கைகேக்ஸ் வாங்கினார். மேசைமேல் வைத்து ஆடினார். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பிறகுதான் யோசித்தார். ஆந்தைத் தலைக் கரடி ஒன்று அப்படித்தான் பிறந்தது. இன்னொரு பொம்மைக்கு உணர்கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அது தொட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும் என்று வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்தத் துருப்பூதம் ஆளைக் கடித்துக் கொல்ல வருவதில்லை. அதற்கு வேண்டியது இரும்பு. வாளும் கவசமும் வைத்திருக்கும் பெரிய வீரன்தான் அதைக் கண்டு நடுங்குவான். மரத்தடி வைத்திருப்பவன் தைரியமாக எதிரே போகலாம். பலத்தைக் கூட்டாமலே பயத்தை உண்டாக்கிவிட்டார். செருப்புத் தைத்தவரின் கைவேலை அல்லவா, தையல் எங்கே வரவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அதே புத்தகத்தில் 'ராட்சசா' என்ற பெயரில் நம் அரக்கனும் இருக்கிறான். பிள்ளைகள் ஓடிவந்து காட்டினார்கள். பார்த்தால் புலித் தலை! சீமான் மாதிரி அங்கி போட்டுக்கொண்டு வாயில் புகைக்குழாய் வைத்திருக்கிறான். பின்னால் வந்த படங்களில் உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவான் என்று எழுதியிருக்கிறது. கம்பரில் தேடினாலும் இந்தக் குறுக்குவில் கிடைக்காது. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ராட்சசன் ஒருவன் வந்தான். பார்ப்பவர்களுக்கு நம்பிக்கையான ஆளின் உருவத்தில் தோன்றுவான். அவனைக் கொன்றது குறுக்குவில். மூன்று ஆண்டு கழித்து அதே வில் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் உருமாற்றம் நம்முடையதுதான். பொன்மானாய் வந்த மாரீசனும், அழகியாய் வந்த சூர்ப்பணகையும் இதைத்தானே செய்தார்கள்?

பிள்ளைகளில் இரண்டு பேர் அரக்கன் என்றாலே புலித் தலைதான் என்று நம்பிவிட்டார்கள். அது எனக்குச் சற்று வலித்தது. கைகேக்ஸைக் குறை சொல்வதற்கில்லை. கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார். நம் கையில் இருப்பதை நாம் எடுத்துக் கொடுக்காதது யார் குற்றம்?

நம் மண்ணின் பூதமும் அங்கே போயிருக்கிறது. 1981இல் 'ஃபியன்ட் ஃபோலியோ' என்ற இரண்டாவது பூதப் புத்தகம் வந்தது. அதில் மலாய்க்காரர் சொல்லும் பெனாங்காலான் இருக்கிறது. உடலை விட்டுவிட்டுத் தலை மட்டும் குடல் தொங்கப் பறந்துவரும் பெண். பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வருவாள். இவளைப் பற்றி ஸ்கீட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1900இல் 'மலாய் மேஜிக்' என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். இவளுடைய ஓட்டை எது? தொங்குகிற குடல் முள்ளில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கம்பத்தில் பிரசவ வீட்டில் முள்ளுள்ள தழையைக் கட்டுவார்கள். நம் லயத்தில் வேப்பிலை சொருகுவோம். கம்பத்துப் பாட்டியும் லயத்துப் பாட்டியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். மனிதப் புலியான 'ஹரிமாவ் ஜாடியான்' கதையும் அப்படியே. அவனுக்கு மூக்குக்குக் கீழே மேலுதட்டில் இருக்கவேண்டிய பள்ளம் இருக்காதாம். எதிரே இருப்பவன் உன்னிப்பாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். இப்படி ஓர் அடையாளம் வைப்பது நியாயமான வேலை. பார்க்கத் தெரிந்தவனுக்குத் தப்பிக்க வழி வைத்திருக்கிறது.

பயந்த பெற்றோர் நாம் மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு தாய் தம் மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்தில், அதற்கு இந்த ஆட்டமே காரணம் என்று நம்பி, 1983இல் அதை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ஆட்டத்துக்கும் அப்படிப்பட்ட சாவுகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தத் தாயின் துயரத்தை நான் இலேசாகச் சொல்லவில்லை. பிள்ளை மேசையில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று பெற்றோர் வந்து பார்ப்பது நல்லது. சனிக்கிழமை கதவு திறந்தேதான் இருக்கிறது.

நம் இலக்கியத்தில் பூதத்துக்குத் தாள் எழுதியவர்கள் இருவரைச் சொல்லுவேன். ஒருவர் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார், 12ஆம் நூற்றாண்டுக்காரர். காளியின் பேய்களைப் பாடும்போது நொண்டிப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், கூன் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைக்கிறார். அந்தக் குறை எப்படி வந்தது என்று பழைய சண்டைகளோடு சேர்த்துக் காரணமும் சொல்கிறார். படித்தால் பயம் வராது, பசியோடு அலையும் அந்தப் பேய்கள்மேல் இரக்கமும் சிரிப்பும்தான் வரும்.

மற்றவர் இளங்கோவடிகள். புகார் நகரத்தில் பூத சதுக்கம் என்று ஓர் இடம். அங்கே ஒரு பூதம். அதன் கையில் பாசக்கயிறு. அதன் குரல் நான்கு காத தூரம் கேட்கும். யாரைப் பிடிக்கும் என்பதற்கு அவர் சட்டமே வகுத்திருக்கிறார். தவ வேடத்தில் மறைந்து தீயது செய்பவர், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்டிர், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புபவர், பொய்ச் சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர். இந்த ஆறு பேரையும் கட்டி அடித்துத் தின்னும். ஆயுதம், எட்டும் தூரம், இலக்கு எல்லாம் இருக்கின்றன. சனிக்கிழமைத் தாளில் அப்படியே நிரப்பலாம், ஒரு கட்டம்கூடக் காலியாக நிற்காது.

ஆனால் அடைக்கலக் காதையில் வரும் சம்பவம்தான் உயிர். பத்தினி ஒருத்தியின் மேல் பொய்க்கரி சொன்ன ஒருவனை அந்தப் பூதம் பிடித்துக்கொண்டது. அவன் தாய் கதறினாள். அப்போது கோவலன் முன்னே போய், அவனை விட்டுவிடு, அவனுக்குப் பதிலாக என் உயிரை எடுத்துக்கொள் என்றான். பூதம் மறுத்துவிட்டது. கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை எடுத்துக்கொள்வது முறையல்ல என்றது. கோவலன் எவ்வளவு மன்றாடினாலும் அதன் சட்டம் அதற்கு. அந்தப் பொய்யனைக் கொன்றது. பிறகு அந்தத் தாயையும் சுற்றத்தையும் கோவலனே காப்பாற்றினான். இத்தனை ஆண்டு சிலப்பதிகாரம் படித்தும், பாடம் நடத்தியும், இந்த இடத்தில் நான் நின்றதில்லை. நல்லவன் ஒருவன் தானாகக் கழுத்தை நீட்டினாலும் தொட முடியாத பூதம்! இதற்குமேல் பெரிய பலவீனமும் கிடையாது, பெரிய பலமும் கிடையாது.

இந்தக் கதையை ஒரு சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். காவல் அரக்கன் செய்த பையன் அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் புதுத் தாளோடு வந்தான். அவனுடைய அனுமதியோடு அதை அப்படியே தருகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

பெயர்: லயத்துப் பூதம். இடம்: கடைசி வீட்டுப் பக்கத்து வேப்பமரம். தாங்கும் அடி: நாற்பது. கவசம்: கிடையாது, பனியன்தான். வேகம்: மெதுவாக நடக்கும், ஏனென்றால் வயதாகிவிட்டது. ஆயுதம்: கயிறு. சிறப்பு ஆற்றல்: பெரட்டுக் களத்தில் யார் வாக்குக் கொடுத்தாலும் அதற்குக் கேட்கும், மறக்காது. பிடிப்பது: வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறியவரை. செய்ய முடியாதது ஒன்று: வாக்குத் தவறாதவரைத் தொட முடியாது, அவர் அடித்தாலும் திருப்பி அடிக்க முடியாது. செய்ய முடியாதது இரண்டு: தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது.

இரண்டாவதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் வேறு இடத்துக்குப் போனால் இது என்ன செய்யும்?" என்று கேட்டேன். "வராது சார். இங்கதான் இருக்கும். நாங்கதான் வந்து பாக்கணும்" என்றான்.

மூன்று சனிக்கிழமைகளாக இந்தப் பூதத்தோடு ஆடுகிறார்கள். முதல் வாரம் அது ஜெயித்தது. இரண்டாம் வாரம், முன்பு எழுந்துபோன அதே மாணவி, தன் பாத்திரம் கொடுத்த வாக்கையெல்லாம் முதலிலேயே நிறைவேற்றிவிட்டு, வெறுங்கையோடு வேப்பமரத்தடிக்குப் போய் அதைத் தாண்டி நடந்துவிட்டாள். மூன்றாம் வார ஆட்டம் மணியடித்தும் முடியவில்லை. தாள்கள் எல்லாவற்றையும் பரிசளிப்பு விழா அன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் பார்வைக்கு வைத்திருக்கிறோம். தரையில் ஆடுபுலிக் கட்டமும் போட்டிருக்கும். ரப்பர் கொட்டை நாங்கள் பொறுக்கி வைத்திருக்கிறோம். புலிக்கு மட்டும் சோடா மூடி கொண்டுவாருங்கள், இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.